மூலை கிழிந்த தபாலட்டை

வாசிகசாலையில் வைப்பதற்குப் போர்க்காலத் தபாலட்டைகள் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நாலு வரி விளக்கமும் எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டு அட்டைகள் ஐந்தையும் முன்பே தந்துவிட்டேன். விளக்கம் எழுதத்தான் உட்கார்ந்தேன், நாலு வரியில் நிற்கவில்லை. ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். வாய் ஓயாதவள் என்று எனக்குப் பட்டப்பெயர் வைத்ததே உங்களில் ஒருத்திதான். ஐம்பது தாண்டியும் அந்தப் பெயர் போகவில்லை. ஆனால் எதைச் சொல்லாமல் இருப்பதற்காக இவ்வளவு காலமும் மற்றதையெல்லாம் பேசிக்கொண்டே இருந்தேன் என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அம்மா இன்னும் இருக்கிறார். இதை அவருக்கு யாரும் வாசித்துக் காட்டாதீர்கள். அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, இப்போது கண்ணும் தெரியாது. பெற்ற தாயின் கண் போனதை நம்பி எழுதுகிற நிலைக்கு வந்துவிட்டேனே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அந்தக் காலத்தில் எங்கள் படுவான்கரையில் கடிதம் என்றால் அப்பாதான். வயல்காரர்தான், ஆனால் எழுத்து வாசிப்பதில் கெட்டிக்காரர். வாவிக்கு அந்தப் பக்கம் எழுவான்கரையிலிருந்து தபால்காரர் கிழமைக்கு இரண்டு தரம் பாதையில் ஏறி வருவார். பாதை என்றால் உங்களுக்குத் தெரியும், உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. சைக்கிள், மாடு, நெல்மூடை, மணப்பெண், பிரேதம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கயிற்றிலும் கம்பிலும் அக்கரை இக்கரை போய்வந்த அந்தப் பெரிய மிதவையின் பெயர் அது. தபால்காரர் வந்துபோன அன்று பின்னேரம் எங்கள் வளவுக்குள் பெண்கள் வந்து நிற்பார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு கடிதம்.

அப்பா கடிதத்தை வாங்கியதும் வாசிக்கமாட்டார். முதலில் அதன் நெற்றியைப் பார்ப்பார். பிள்ளையார் சுழி போட்டிருக்கிறதா என்று பார்ப்பார். மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணச் சேதி, எல்லாருக்கும் முன்னால் சத்தமாக வாசிப்பார். சுழி இல்லாமல், மூலையும் கிழித்திருந்தால் இழவுச் சேதி. அதை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வேலிக்கு வெளியே நின்று, உரியவரைப் பக்கத்தில் கூப்பிட்டு, மெல்ல வாசித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுக் கைகால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவார். ஊரில் யார் வீட்டில் எத்தனை நாள் துடக்கு என்கிற தீட்டு, யார் கோயிலுக்குப் போகலாம், யார் போகக் கூடாது என்பதையும் அவரிடம்தான் கேட்பார்கள்.

ஒருமுறை நடந்ததைச் சொல்கிறேன், உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். மண்டூர் முருகன் கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்து வீட்டு மாமா காவடி எடுப்பதாக நேர்ந்து விரதமும் இருந்தார். தீர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவருக்குச் சுழி இல்லாத கடிதம் ஒன்று வந்தது. அவருடைய தூரத்துப் பெரியப்பா ஒருவர் நெடுநாளாகப் படுக்கையில் கிடந்தார், அவருடைய சேதியாகத்தான் இருக்கும் என்று எல்லாருக்கும் விளங்கியது. மாமா தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டார். அப்பா கடிதத்தைப் பிரிக்கவில்லை. கேள்விப்பட்ட நேரத்திலிருந்துதான் துடக்கு, கேள்விப்படாத சாவுக்குத் துடக்கு இல்லை என்று சொல்லி, அதை வேலி ஓலைக்குள் செருகிவிட்டார். மாமா காவடி எடுத்து ஆடினார். தீர்த்தம் முடிந்த மறுநாள் அப்பா ஓலைக்குள்ளிருந்து எடுத்து வாசித்தார், மாமா அப்போதுதான் கேள்விப்பட்டவர் மாதிரி அழுதார். ஊர் முழுக்க அப்பாவின் மூளையைப் பற்றித்தான் பேச்சு. எனக்கும் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் உங்களிடம் வந்து அளந்ததும் நான்தான்.

அண்ணன் பிடிபட்டது அதற்கடுத்த மாரியில். அவன் கல்லடியில் மாமி வீட்டில் தங்கி உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான். 'அவன்' என்று எழுதுகிறேன் பாருங்கள். உயிரோடு வீட்டில் இருந்த காலத்தில் 'அவர்' என்றுதான் சொல்லிப் பழகினேன். இப்போது என் மகனே அந்த வயதைத் தாண்டிவிட்டான். பதினெட்டு வயதோடு நின்றுவிட்ட ஒருவனை 'அவர்' என்று சொல்ல வாய் வருவதில்லை.

விடுமுறைக்கு வரும்போது பாதையில் இருந்தே எனக்குக் கை காட்டுவான். சட்டைப் பையில் தோடம்பழ இனிப்பு ஒட்டிப் பிசுபிசுத்துக் கிடக்கும், அதை உரித்தெடுத்துத் தின்பதே ஒரு வேலை. என்னைக் கீச்சான் என்று கூப்பிடுவான். வலையில் பட்டதும் கீச்சுக் கீச்சென்று கத்துகிற மீன் அது. நான் அழ அழ இன்னும் இரண்டு தரம் சொல்வான்.

கல்லடியில் ஆமியின் சுற்றிவளைப்பு நடந்த அன்று பள்ளிக்கூட மைதானத்தில் எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்களாம். முகத்தை மூடிய தலையாட்டி ஒருவன் அண்ணனுக்கு முன்னால் தலையை ஆட்டினானாம். மாமி மறுநாள் பாதையில் வந்து இறங்கினார். அழவில்லை. கையில் ஒரு பழைய பேப்பரில் சுற்றிய பொதி இருந்தது. அம்மா அவிழ்த்துப் பார்த்தார், அண்ணனின் ஒரு செருப்பு. மற்றது மைதானத்தில் அகப்படவில்லை என்று மாமி சொன்னார். அந்தச் செருப்பை அம்மா கூரைக்குள் செருகி வைத்திருந்தார். பின்னர் நாங்கள் இடம்பெயர்ந்து காட்டுப் பக்கம் போய்த் திரும்பி வந்தபோது கூரையே இல்லை.

பல கிழமை கழித்து முதல் அட்டை வந்தது. தெற்கே எங்கோ ஒரு முகாமிலிருந்து. ஊதா நிற முத்திரை நடுவில் விழுந்து பாதி எழுத்தை மறைத்திருந்தது. மாதத்துக்கு ஓர் அட்டைதான் கொடுப்பார்களாம், அதையும் வாசித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்களாம். ஆனாலும் நெற்றியில் சின்னதாக ஒரு சுழி, அதற்குக் கீழே வலது பக்கம் சாய்ந்து விழுகிற அண்ணனின் எழுத்து. அப்பா சுழியைப் பார்த்ததும் அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதன் பிறகுதான் வாசித்தார்.

உங்கள் மேசைக்கு வந்திருக்கும் ஐந்திலும் விசேஷமாக ஒன்றும் இல்லை. நான் சுகம், நீங்கள் சுகமா, சிவலை மாடு கன்று போட்டதா, கீச்சான் படிக்கிறாளா. மூன்றாவது அட்டையில் ஒரு சொல்லை மை பூசி அழித்திருக்கிறார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு அது என்னவென்று வீடே மண்டையை உடைத்துக்கொண்டது. இயக்கத்துக்கு ஏதும் எழுதிவிட்டானோ என்று அம்மா பயந்தார். அப்பா வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அது 'குடலை'. வேளாண்மை குடலையாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறான். கதிர் வெளிவருமுன் பயிர் வயிறு தள்ளி நிற்கிற பருவத்தைக் குண்டுக்கு வைத்த பெயர் என்று நினைத்து எவனோ அழித்திருக்கிறான். தெரியாத சொல்லைக் கண்டு பயப்படுகிற மடையன் என்று அப்பா அவனைத் திட்டினார். அப்பா சிரித்து நான் பார்த்தது அந்த மாரியில் அதுதான் கடைசி.

அட்டைகளை அம்மா பால்மா டின்னில் போட்டு நெல்லுக்குள் புதைத்து வைப்பார். இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து வீட்டைக் கிண்டுகிற காலம். நான் பள்ளியால் வந்ததும் அம்மா கையைத் தோள்வரை நெல்லுக்குள் விட்டு டின்னை எடுத்துத் தந்து வாசிக்கச் சொல்வார். ஐந்தையும் வாசிக்க வேண்டும். வாசித்து முடிந்தால் மறுபடியும் முதலாவது. அந்த அட்டைகளில் அப்போது புது நெல்லின் வாசம் இருந்தது. போன கிழமை மணந்து பார்த்தேன், நீங்கள் போட்ட பிளாஸ்டிக் உறையின் மணம்தான் வந்தது.

ஐந்தாவதுக்குப் பிறகு இரண்டு மாதம் ஒன்றும் வரவில்லை. அக்காவுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் காலைக் கழுவி அழைத்து வர வேண்டியவன் பெண்ணின் சகோதரன், அவன் வராமல் எப்படி என்று அம்மா மறுத்துப் பார்த்தார். அப்பா கேட்கவில்லை. குமர்ப்பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பது மாதிரி இருந்த நாட்கள் அவை. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டு விசாவும் வந்திருந்தது. இந்த முகூர்த்தம் தவறினால் அவர் போய்விடுவார், திரும்பி வந்து கட்டுவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருந்தது. கூறைச்சேலை எடுக்க அப்பா எழுவான்கரைக்குப் புறப்பட்டார், நானும் தொற்றிக்கொண்டு போனேன். அறுவடை முடிந்த வெயில். துறையில் நீர் வற்றிச் சேறு நாறியது. கண்ணா மரப் பற்றை நிழலில் பாதைக்காகக் காத்து நின்றோம். பாதை வந்து ஒட்டியதும் தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். அப்பாவைக் கண்டதும் முகம் மலர்ந்து, சட்டைக்குள் கைவிட்டு, தண்ணீர் தெறிக்காமல் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்த ஓர் அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். மகன்ட கார்ட் எண்டு நினைக்கிறன் என்று சொல்லிவிட்டு, பின்னால் ஆட்கள் தள்ள, அவர் போய்விட்டார்.

அப்பா வழக்கம்போல நெற்றியைப் பார்த்தார். சுழி இல்லை. மேல் மூலை விரல் நகமளவு கிழிந்திருந்தது. கையெழுத்து அண்ணனுடையது இல்லை, நேராக நிற்கிற, கடைக்காரர்கள் எழுதுகிற மாதிரியான எழுத்து. நான் அப்பாவின் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது முதல் வரிக்குப் போகவே இல்லை. அட்டையைச் சட்டென்று கவிழ்த்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கவிழ்க்குமுன் என் கண்ணில் ஒரே ஒரு சொல் பட்டது.

"அப்பா, கூட்டிக்கொண்டு எண்டு எழுதியிரிக்கு" என்றேன்.

"வாசியாத மகள். வாசிச்சாத்தான் துடக்கு."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பாதை புறப்பட்டுவிட்டது, நாங்கள் ஏறவில்லை. அப்பா சேற்றில் இறங்கி முழங்கால் தண்ணீர்வரை நடந்து போனார். அட்டையை இரண்டாக, நாலாக, எட்டாகக் கிழித்தார். தண்ணீரில் விட்டார். துண்டுகள் மிதந்துகொண்டு நின்றன, அப்பா கையால் அளைந்து அளைந்து தள்ளிவிட்டார். பிறகு முகம் கழுவினார், வெகுநேரம் கழுவினார். கரைக்கு வந்து மண்டூர் இருக்கிற திசையைப் பார்க்கும்படி என்னைத் திருப்பி நிறுத்தினார்.

"மண்டூரான் வாயைக் கட்டித்தான் பூசை வாங்கிறான். நீயும் வாயைக் கட்டோணும். அம்மாக்கு ஒண்டும் தெரியப்படாது. கலியாணம் முடியட்டும், நான் சொல்லுறன்."

பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்கிற கோயில் அது. நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டு தலையாட்டினேன். அடுத்த பாதையில் போய்க் கூறை எடுத்தோம். அரக்கு நிறம், மயில் கரை. கடைக்காரர் விரித்துக் காட்டக் காட்ட அப்பா எல்லாவற்றுக்கும் நல்லது நல்லது என்றார்.

ஒன்றை இப்போது சொல்லட்டும். பிணத்தை யாரும் கூட்டிக்கொண்டு போவதில்லை. எடுத்துக்கொண்டுதான் போவார்கள். உயிரோடு இருப்பவனைத்தான் கூட்டிக்கொண்டு போகலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் பிடிபடவில்லை. ஆனால் ஊருக்கே கடிதம் வாசித்த மனிதருக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். சுழியும் மூலையும் தெரிந்த அளவுக்கு அவருக்குச் சொல் தெரிந்திருக்கவில்லை. அப்பாவைப் பற்றி இப்படி எழுதுவது பாவம்தான், எழுதாமல் இருந்து மட்டும் எனக்கு என்ன புண்ணியம் கிடைத்தது?

கல்யாணம் நடந்தது. பெரியம்மாவின் மகன் மாப்பிள்ளையின் காலைக் கழுவினான். அப்பா வந்தவர்களை எல்லாம் சிரித்துச் சிரித்து உபசரித்தார், தான் ஒரு வாய் சாப்பிடவில்லை. தாலி கட்டும்போது எல்லாரும் மணவறையைப் பார்க்க, அவர் மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பலகாரத் தட்டைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தேன். முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று அம்மா என்னிடம் கேட்டார். வயிற்றுவலி என்றேன். அதுதான் முதல் பொய், பிறகு பழகிவிட்டது.

கல்யாணம் முடிந்ததும் சொல்கிறேன் என்ற அப்பா சொல்லவில்லை. முதலில் அக்கா கணவனை வழியனுப்பட்டும் என்றிருந்தார். பிறகு அக்கா பிள்ளைத்தாய்ச்சி ஆனாள், அந்த நேரத்தில் சொல்லக் கூடாது என்றிருந்தார். அண்ணனிடமிருந்து வேறு அட்டையும் வரவில்லை, அது அவருக்குச் சாட்சி ஆயிற்று. ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் விரதம் இருந்து மாமாங்கத் தீர்த்தத்தில் முழுகப் போவார். தன் தகப்பனுக்குப் போகிறார் என்று அம்மா நினைத்தார். இரண்டு பேருக்குப் போகிறார் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதம், ஏறாவூரிலிருந்து ஒரு முஸ்லிம் மனிதர் வந்தார். சாரன் துணி விற்கிறவர் போலத் தோளில் ஒரு மூட்டை. அப்பா வயலில் நின்றார். அம்மா முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார், நான் காகம் விரட்டிக்கொண்டிருந்தேன். அவர் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, சாரன் விற்க வரவில்லை என்றார். அண்ணனின் பெயரைச் சொல்லி, அவனோடு முகாமில் ஒரே கூடாரத்தில் இருந்ததாகவும், போன கிழமைதான் தன்னை விட்டதாகவும் சொன்னார்.

அம்மா அப்படியே கருவாட்டுப் பாயின் ஓரத்தில் இருந்துவிட்டார். மகன் எப்படி இருக்கிறான், எப்போது வருவான் என்று அவரிடம் கேட்டார். அதற்கு அவர், நீங்கள் ஏன் வரவில்லை என்று கேட்டார்.

விளங்காமல் பார்த்த அம்மாவுக்கு அவர் விளக்கிச் சொன்னார். அண்ணனின் மேல் குற்றம் ஒன்றும் இல்லை என்று முடிவாகியிருந்தது. தகப்பன் கிராம சேவகரின் கடிதத்தோடு குறித்த நாளுக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் விடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணனின் வலது கை அடிபட்டு வீங்கியிருந்தது, எழுத முடியவில்லை. அதனால் இவர்தான் அவன் சொல்லச் சொல்ல அட்டை எழுதியிருக்கிறார்.

"நான்தான் எழுதின அக்கா. பழக்கத்தில மூலையில எழுநூத்தி எண்பத்தாற எழுதிட்டன். நாங்க எதையும் அல்லாட பேரால அப்பிடித்தான் தொடங்கிற. மறுகாதான் யோசிச்சன், தமிழாக்கள், வித்தியாசமா நினைப்பாங்களோ எண்டு. அதுக்கு மேல கோடு போட்டு வெட்டினா எங்களுக்குக் குற்றம். வேற கார்ட் தரமாட்டானுகள். அதான் மூலைய மட்டும் கிழிச்செடுத்திட்டு அனுப்பின."

ஒரு மனிதன் இன்னொரு வீட்டாரின் மனம் கோணக் கூடாது என்று செய்த மரியாதை அது. இதைவிட நல்ல மனதோடு யாரும் எங்கள் வீட்டுக்கு ஓர் அட்டை எழுதியதில்லை.

குறித்த நாள் அக்காவின் கல்யாணத்துக்கு மறுநாள். மற்றவர்களின் தகப்பன்மார் வந்து வந்து கையெழுத்துப் போட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப் போனார்களாம். அண்ணன் கம்பிவேலிக்குப் பக்கத்தில் போய் நின்றானாம், பின்னேரம் வரைக்கும். எங்கட அப்பா நேரம் தவறமாட்டார், பாதை பிந்தியிருக்கும் என்று இவரிடம் சொல்லிக்கொண்டே நின்றானாம். ஆள் வராதவர்களை மறுநாள் ஒரு வண்டியில் ஏற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோனார்கள். எந்த இடம் என்று இவருக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்பாவோட நீதானே துறைக்குப் போற. மூல கிழிஞ்ச கார்ட் ஒண்டு வந்ததா?"

காகம் ஒன்று வந்து கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போனது. நான் விரட்டவில்லை.

"இல்லம்மா" என்றேன்.

மண்டூரான் மேல் செய்த சத்தியத்துக்காகச் சொன்னேன் என்று எழுதினால் எனக்கு நன்றாகத்தான் இருக்கும். அது இல்லை. ஓம் என்றால் அம்மா அப்பாவை என்ன செய்வார் என்ற பயம். அண்ணன் இல்லை என்று ஆன வீட்டில் அப்பாவும் இல்லை என்று ஆகிவிடும் என்ற பயம். அந்தப் பயத்தில் ஒரு சொல் சொன்னேன். சொன்னபிறகு அதைத் திருப்பி எடுக்க எனக்கு நாற்பது வருடம் கிடைத்தது, ஒருநாளும் எடுக்கவில்லை.

என்னை நம்பிய அம்மா, அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிட்டு ஏறாவூர்க்காரரிடம் திரும்பினார். அம்மா பேசியதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதைவிடக் கொடியது எதையும் நான் என் வாழ்நாளில் கேட்கவில்லை.

"காக்கா, இவள்ட அப்பாட்ட இதச் சொல்லிப்போடாதீங்க. கார்ட் கிடைச்சிருந்தா மனிசன் நீந்தியாவது போயிருப்பார். வழியில துலைஞ்சிட்டு எண்டு தெரிஞ்சா அவர் உசிரோட இருக்கமாட்டார்."

அவர் சம்மதித்தார். அம்மா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, எனக்கு ஒரு துண்டுச் சீத்தைத் துணி தந்துவிட்டுப் போனார். அப்பா வருமுன் அம்மா முகம் கழுவித் திருநீறு பூசிக்கொண்டார். அன்று பின்னேரம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசியதைப் பார்த்தேன். மகன் இறந்ததை மனைவிக்கு மறைக்கிற கணவன். மகனை மீட்கிற நாள் தவறிப்போனதைக் கணவனுக்கு மறைக்கிற மனைவி. நடுவில் சோற்றுக் கோப்பையோடு நான்.

எங்கள் வீட்டில் அதன் பிறகு சண்டையே வந்ததில்லை, அதை நீங்கள் கூடச் சொல்லிப் பொறாமைப்பட்டிருக்கிறீர்கள். அப்படி ஓர் அன்பான தம்பதி என்று ஊர் சொன்னது. உண்மைதான். ஒருவர் உடைந்துவிடக் கூடாது என்று மற்றவர் கண்ணாடிப் பாத்திரம் போலப் பார்த்துக்கொண்டார்கள்.

அப்பா இல்லாத நேரம் பார்த்து அம்மா தபால்காரரைத் திட்டுவார். கார்டைத் தண்ணிக்குள் போட்டவன் அவன்தான், அவன் குடும்பம் விளங்காது என்று மண்ணை வாரி வீசுவார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த மனிதரைப் பல வருடம் கழித்துக் கல்லடிப் பாலத்தில் கண்டேன், வயதாகி, ஒரு கால் இழுத்துக்கொண்டு. அண்ணன் வந்தானா என்று கேட்டார். கடைசிக் கார்டைத் தண்ணீர் படாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து அப்பாவின் கையிலேயே கொடுத்ததைச் சொன்னார். தன் உத்தியோகத்தில் அப்படி ஒரு கார்டையும் பொத்திக் கொண்டு போனதில்லையாம். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அப்பா படுக்கையில் விழுந்தபோது நான்தான் பார்த்தேன். கடைசிக் கிழமையில் ஒருநாள் அம்மா அடுப்படியில் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு என் கையைப் பிடித்தார். "நல்ல காலம் நான் அத வாசிக்கல்ல. உங்கம்மாவக் காப்பாத்திப்போட்டன்" என்றார். முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. ஓம் அப்பா என்றேன். வேறு என்ன சொல்வேன்? நீங்கள் என்றால் சொல்லியிருப்பீர்களா?

சரி, இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்பதற்கு வருகிறேன். நீங்கள் வீடு வீடாகப் போய்ப் பழைய அட்டைகளைச் சேர்க்கிறீர்கள் என்றும், பழைய சாக்குகளுக்குள்ளிருந்தும், வெளிநாட்டில் இருப்பவர்களிடமிருந்தும் கூட வருகிறது என்றும் அம்மாவுக்கு உங்களில் யாரோ சொல்லிவிட்டீர்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பீர்கள். அன்று அம்மா சாப்பிடவில்லை. பின்னேரம் என்னைக் கூப்பிட்டு மெல்லக் கேட்டார்.

"அப்ப அந்தக் கார்டும் எங்கயும் ஆப்பிட்டிருக்குமோ, புள்ள?"

அது இருக்காது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை, நான் அதைக் கண்டதே இல்லையல்லவா. பார்ப்போம் அம்மா என்றேன். அதனால்தான் போன சனிக்கிழமை அவரை வாசிகசாலைக்கு அழைத்து வந்தேன். நீங்கள் எல்லாரும் கண்டீர்கள். தன் மகனின் கையெழுத்தைத் தொட்டுப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து ஒருத்தி கண்ணைத் துடைத்தாள், படமும் எடுத்தாள். மகனின் ஐந்து அட்டைகளை அம்மா தொடவே இல்லை. மற்றவர்களுடையதைத்தான் ஒவ்வொன்றாக உறையிலிருந்து எடுத்துத் தரச் சொன்னார். நாலு மூலையையும் பெருவிரலால் தடவிப் பார்த்தார். முழுதாக இருந்தால் இதில்ல என்று திருப்பித் தந்தார். மேசை முடியும்வரை அப்படியே செய்தார். முடிந்ததும் இன்னும் வருமா என்று உங்களிடம் கேட்டார், நீங்கள் உற்சாகமாக, நிறைய வரும் அம்மா என்றீர்கள்.

வருகிற சனிக்கிழமையும் வருவோம். அதற்கடுத்ததும் வருவோம், அவரை என்னால் நிறுத்த முடியாது. எனவே உங்களிடம் கேட்பது இதுதான். புதிதாக வருகிற அட்டைகளை நாங்கள் வருமுன் நீங்களே பார்த்துவிடுங்கள். எலி கடித்ததோ, பழசாகி உடைந்ததோ, யாருடைய வீட்டு இழவுச் சேதியோ, மூலை கிழிந்த அட்டை எது இருந்தாலும் எடுத்து ஒளித்து வையுங்கள். அப்படி ஒன்று அம்மாவின் விரலில் பட்டுவிட்டால், அவர் அதை என் கையில் தந்து வாசிக்கச் சொல்வார்.